எத்தனை நாள்?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நலம். இடுப்பைச் சேர்க்காமல் சொல்கிறேன். உன் நலத்தை ஃபோனில் கேட்டால் 'ம்' என்கிறாய். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் முப்பது வருஷம் பேசியவளுக்கு, ஓய்வு பெற்றபின் பேச்சு அலுத்துப்போனது நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ வாயைத் திறப்பாய்.

வீடு மாற்றப்போகிறேன். வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஆறாம் மாடியில் நானும் நாலு அறைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். லிஃப்ட் வேறு அடிக்கடி நின்றுவிடுகிறது. உத்தியோக காலம் முழுக்க ஊரார் லிஃப்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன், சொந்த லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியடிப்பது துறைக்கே தலைகுனிவு. ஆகவே, மாடி இல்லாத வீடு.

உன் மருமகள் சுண்டு, தன் ஊரில் இருந்தபடியே எனக்கு ஓர் இடம் தேடிப் பிடித்திருக்கிறாள். கோல்ஃப் மைதானம் ஒன்று, அதைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றி மதில். 'எனக்குக் கோல்ஃப் தெரியாதே' என்றேன். 'அங்க பாதிப் பேருக்குத் தெரியாதுப்பா. பாத்துக்கிட்டு இருப்பாங்க' என்றாள். பார்ப்பதற்கும் வருஷச் சந்தா உண்டாம். வீடு காட்டும் முகவர் பச்சை டை கட்டியிருக்கிறார். 'இது வெறும் வீடு இல்ல சார், வாழ்க்கை முறை' என்றார். அதற்குக் கூரை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. 'கூப்பிட்டு வர்றவன் விருந்தாளி. கூப்பிடாம வர்றவன்தான் வீட்டு ஆள்.' சித்தப்பாவுக்கு அம்மா ஒருதடவை தவறிப்போய் 'வாங்க' என்று எழுதிவிட, 'நான் என்ன மூணாம் மனுஷனா' என்று அவர் ஒரு வருஷம் படியேறாமல் இருந்தாரே. அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் நான். யாரையும் எங்கும் கூப்பிடவில்லை. எந்த வீடு என்பதில் உன் யோசனை மட்டும் வேண்டும். உனக்குப் பிடிக்காத வீட்டை வாங்கமாட்டேன். ஏன் என்று கேட்காதே.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே சுகம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. உன் இடுப்போடு கூட்டணி வைக்கலாம்.

ஏழு வயதில் நீ கோலிக்குண்டைக் குழிக்குள் தள்ளி விளையாடியதற்கு அப்பா முதுகில் நாலு வைத்தார். அதே காரியத்தை இப்போது மதில் கட்டி, தொப்பி போட்டு, சந்தா வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். அப்பாவுக்குத் தொலைநோக்கு போதவில்லை. நீயும் பாதியில் விட்டுவிட்டாய்.

வீட்டைப் பற்றி. பச்சை டை கூட்டிப்போகும் நேரத்தில் போகாதே. அவர் இல்லாத நேரத்தில் போ. எல்லா இடமும் பத்து மணிக்கு அழகாகத்தான் இருக்கும். விடிகாலையில் என்ன சத்தம், சாயங்காலம் எவ்வளவு தனிமை என்று பார். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குக் கேட்கும் என்றும் பார்.

இங்கே கீழ்வீட்டுத் தையல்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவர் மெஷின் ஓடும்போது நிலையத்துச் சத்தம் பாதிதான் கேட்கும். இப்போது முழுசாகக் கேட்கிறது. புதிதாக வந்திருக்கும் அறிவிப்புக்காரி மூச்சு விடாமல் பேசுகிறாள். அவள் பேச்சைக் கேட்டால் வண்டி நிற்கும் என்று தோன்றாது.

என் யோசனை உனக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயே கேட்காதே என்றுவிட்டாய்.

சாப்பாட்டில் உப்பைக் குறை.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உப்பைக் குறைத்தேன். சாப்பாடும் குறைந்துவிட்டது. மற்றபடி சௌக்கியம். முழங்கால் கட்சி கலைந்ததா?

இரண்டு வீடுகள் பார்த்தேன்.

முதலாவது, ஆட்டத்தைத் தொடங்கும் மேடைக்குப் பக்கத்தில். பந்தை அடிக்கும் முன் ஆடுபவர் நீண்ட நேரம் குனிந்து யோசிக்கிறார். அப்போது அக்கம்பக்கத்தில் அமைதி வேண்டும் என்பது விதி. நான் வரவேற்பறைக்குள் நின்று தும்மினேன். வெளியே நாலு தொப்பிகள் திரும்பின. 'முன்னாடி இருந்தவர் தும்மலை எப்படியோ நிறுத்திட்டார் சார்' என்றார் பச்சை டை. அவர் இப்போது எங்கே என்று கேட்கவில்லை.

இரண்டாவது, மைதானத்தின் நடுநீளத்தில், வலது பக்கம். வலதுகைக்காரர்கள் பந்தை நேராகத்தான் அடிக்கிறார்கள். அது வலது பக்கம் திரும்பி வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கார அம்மாள் மேசையில் பழக்கூடை வைத்திருந்தார். கூடை நிறையப் பந்துகள். 'கண்ணாடி மாத்த வர்றவர் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி ஆயிட்டாருங்க' என்றார். நான் இருந்த கால்மணியில் ஒரு பந்து வந்தது. பந்துக்குச் சொந்தக்காரர் தோட்டத்து எல்லையில் நின்று தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். உள்ளே வரக்கூடாது என்பது விதியாம். பந்துக்கு அந்த விதி இல்லை.

விதிகள் ஒரு சின்னப் புத்தகமாகவே இருக்கின்றன. வீட்டுக்கு மூன்று நிறங்கள்தான் அடிக்கலாம். மூன்றும் மணல் நிறம். துணியை வெளியே உலர்த்தினால் எச்சரிக்கை. நுழைவாயிலில் காவலர் இருக்கிறார். வருகிறவரைப் பார்த்து, 'யார் வீட்டுக்கு? எத்தனை நாள்?' என்று கேட்டு மஞ்சள் அட்டை கொடுக்கிறார். குடியிருப்பவர்களுக்குப் பச்சை அட்டை. ரொம்ப மரியாதையாகக் கேட்கிறார்.

இரண்டில் எது தேவலை? மூன்றாவதும் பார்க்கலாமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நலம். கட்சி கலையவில்லை; இடது முழங்காலும் சேர்ந்துவிட்டது.

விடிந்தால் உனக்கு வரிசையாக ஏழெட்டுத் தும்மல் வரும். முதல் வீட்டில் உன்னை ஒரே வாரத்தில் மதிலுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். இரண்டாவது வீட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு காபி குடிக்க வேண்டும். இரண்டும் வேண்டாம். மூன்றாவதைப் பார்.

அந்தக் காவலர் மரியாதையாகக் கேட்கிறார் என்கிறாய். இருக்கலாம். அந்தக் கேள்வியை மரியாதையாகக் கேட்டால்தான் அதிகமாக வலிக்கும்.

இரண்டாம் மாடியும் இங்கே காலி. உன் துறை பற்றிச் செய்தி ஒன்று: எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓய்வில் இருக்கிறது. நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன். முழங்கால் கட்சிக்கு ஆள் சேர்ந்தது அதனால்தான்.

பழைய டிக்கெட் பரிசோதகர் அம்மாளை உனக்கு நினைவிருக்கும். எதிரில் வருகிற எல்லாரையும் குற்றவாளி மாதிரி பார்ப்பாரே, அவர்தான். இப்போது மூத்தோர் இல்லத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அவர் இன்னும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் டிக்கெட் கேட்கிறார். பாவம், அவர்களும் தேடுகிறார்கள்.

வீட்டுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுது. நீ எதையும் விட்டுவிட்டு எழுதுகிறவன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் விழைவது. லிஃப்ட் எதற்காக ஓய்வில் இருக்கிறது என்று எழுதவில்லை. கயிறா, மோட்டாரா?

மூன்றாவது வீடு குளத்துக்கரையில். பார்க்க அருமை. குளத்துக்குள் விழுந்த பந்துகளை எடுக்க வாரம் ஒருவர் முக்குளிப்பு உடையில் வருகிறார். காலையில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து 'குட் மார்னிங்' சொல்கிறார். என் வயதில் இது வேண்டாம்.

திரும்பும்போது பச்சை டை சுற்றுவழியில் கூட்டிப்போனார். ஏன் என்று கேட்டேன். 'அந்தப் பக்கம் கடைசி வரிசையில ஒரு வீடு இருக்கு சார். அது உங்களுக்கு வேணாம்' என்றார். நீ சொன்னபடி மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசையின் கடைசி வீடு. பந்து அந்த மூலைக்கு வராது. வெளிச்சம் கிழக்கிலிருந்து, கூடத்தின் நடுவரைக்கும் வருகிறது. இரண்டு படுக்கையறை. ஒன்று எனக்கு. இன்னொன்றை இஸ்திரி போட வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கிருக்கும் சட்டைகளுக்கு ஒரு முழு அறை கொஞ்சம் அதிகம்.

குறை ஒன்றுதான். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. அதனால்தான் மூன்று வருஷமாக யாரும் வாங்கவில்லை. சரக்கு வண்டிகள் போகின்றன. காலையில் போவது சரியான நேரத்துக்குப் போகிறது. சாயங்கால வண்டி தினமும் தாமதம். ஏன் தாமதம் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

பச்சை டை மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வந்து நின்றார். 'சத்தம் பழகிடும் சார்' என்றார். பழகாவிட்டாலும் பரவாயில்லை என்றேன்.

இந்த வீடு எப்படி? இதற்கு மட்டும் உன் பதில் வந்த பிறகே கையெழுத்து.

தம்பி


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

சுகம்தானே? நீ பதில் எழுதவில்லை. தபால்காரர் நல்லவர், அவர்மேல் பழி போட மனம் வரவில்லை. ஃபோன் செய்தேன், 'ம், வந்தது' என்றாய்.

பிடிக்கவில்லை என்றால் எழுதியிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே முதல் வாரம் குடிபோகிறேன். சுவருக்கு மணல் நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நான் சுகம். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. காரணம் ஒன்றுமில்லாத தாமதங்கள்தான் அதிகம். நாங்கள் 'தொழில்நுட்பக் காரணம்' என்று அறிவிப்போம்.

நல்ல வீடு. கிழக்கு வெளிச்சம் உன் இடுப்புக்கு நல்லது. திரைச்சீலை கனமாகப் போடாதே.

சாயங்காலம் போகும் வண்டி காலியாகப் போகிறதா, பாரத்தோடு போகிறதா? காலிப் பெட்டிகள் என்றால் சத்தம் அதிகமாக இருக்கும், தடதடவென்று. பாரத்தோடு போகும்போது தரை அதிரும், சத்தம் அவ்வளவு இருக்காது. காலி வண்டியைத்தான் ஓரம்கட்டி மற்ற வண்டிகளுக்கு வழி விடுவார்கள். அதற்குக் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். தாமதத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இஸ்திரி அறையில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


மே 14

என் அன்பான அத்தைக்கு,

சுண்டு எழுதுகிறேன். எல்லாரும் நலம். உங்கள் முழங்காலைப் பற்றி அப்பா சொன்னார். பிசியோதெரபிஸ்ட் மருமகளை வைத்துக்கொண்டு படியேறி இறங்குவது எனக்கு அவமானம் என்று பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பாவைக் குடிவைக்க ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறேன். அத்தை, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நம் வீட்டில் யாராவது ஒருவர் நேராகக் கேட்க வேண்டாமா?

அந்த இஸ்திரி அறை இருக்கிறதே, அதில் இஸ்திரிப் பெட்டி இல்லை. கட்டில் போட்டிருக்கிறார். முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்து எழ வசதியான உயரம். என்னிடமே கேட்டு அளந்து செய்திருக்கிறார். ஜன்னலோரம் எழுத ஒரு மேசை. குளியலறையில் கைப்பிடி, அதுவும் இரண்டு. லிஃப்ட் ஆள் போட்ட கைப்பிடி, எட்டுப் பேர் தொங்கலாம். 'இது யாருக்குப்பா?' என்றேன். 'வீடுன்னா ஒரு ரூம் இருக்கத்தானே செய்யும்' என்றார்.

சாயங்காலம் பின்மதில் பக்கம் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வண்டி போனதும் 'காலி வண்டிதான், உங்க அத்தை சொன்னது சரி' என்று உள்ளே வருகிறார். மைதானத்தில் ஆடுபவர்கள் இவரை ரயில்வே அதிகாரி என்று நினைக்கிறார்கள். ஒருவர் வந்து சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

'அத்தையைக் கூப்பிட வேண்டியதுதானே?' என்றேன்.

'கூப்பிட்டா என்ன நினைப்பா? நம்ம வீட்ல கூப்பிடறதில்ல.'

'கூப்பிடலைன்னா வரமாட்டாங்கப்பா.'

'அவ வீட்டு ஆள். தோணினா வருவா.'

அத்தை, உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? நான் ஆறாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தீர்கள். எனக்குத் தலைவாரிவிட்டீர்கள். அதோடு சரி. அப்பா மேல் ஏதாவது கோபமா?

உங்கள்
சுண்டு


மே 26

சுண்டுவுக்கு அத்தை எழுதுவது.

உன் கடிதம் கண்டேன். நீ ஃபோனில் சொல்லிக்கொடுத்த முழங்கால் பயிற்சியைச் செய்கிறேன். இரண்டு கட்சிகளும் எதிர்க்கின்றன.

உன் அப்பா மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கோபத்தைக் காரணம் காட்டி ஒருநாள் சமாதானமாகப் போயிருக்கலாம்.

நேராகக் கேட்டிருக்கிறாய். நேராகவே சொல்கிறேன். ஆனால் இது உன்னோடு நிற்க வேண்டும். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

அந்த வருஷம் எனக்கு ஒரு மாத லீவு சேர்ந்திருந்தது. அப்பா விதிப்படி யாரும் கூப்பிடாமல், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். பெரிய பெட்டி. உங்கள் வீட்டு மணியை அடித்தேன். உன் அம்மா கதவைத் திறந்தாள். சிரித்தாள். பெட்டியைப் பார்த்தாள். 'வாங்க, எத்தனை நாள் லீவு?' என்றாள்.

அவ்வளவுதான். ஒரு தப்பான வார்த்தை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை வேண்டாத ஆளிடம்தான் கேட்பார்கள். நான் அந்தப் பெரிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே 'மூணு நாள்' என்றேன். அந்த மூன்று நாளும் வேளைக்கு ஒரு உடை மாற்றினேன், பெட்டிக்கு நியாயம் செய்ய. மிச்ச லீவை இங்கே கதவைச் சாத்திக்கொண்டு கழித்தேன். வெளியே தலை காட்டினால் ஏன் அதற்குள் வந்தாய் என்று கேட்பார்கள். ஜன்னல் வழியாக, என் இடத்தில் வேறொருத்தி வண்டிகளை அறிவிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு கூப்பிடாமல் போக எனக்குக் கால் வரவில்லை. உன் அப்பாவுக்குக் கூப்பிட வாய் வராது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கூப்பிட்டால் என்னை வேற்றாள் ஆக்கியதாக நினைக்கிறான். தினமும் சாயங்காலம் மதிலோரம் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்னொன்று. இந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். ஜூலை முதல் தேதிக்குள் நான் காலி செய்ய வேண்டும். மூத்தோர் இல்லத்தில் டிக்கெட் அம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாகிறது. ஜூன் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இதையும் அப்பாவிடம் சொல்லாதே. போக இடமில்லாமல் வந்தாள் என்று ஆகக்கூடாது. போனால் ஆசைப்பட்டுப் போனதாக இருக்க வேண்டும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அத்தை


ஜூன் 13

அத்தைக்கு,

நான் சத்தியத்தை மீறவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். சாப்பிடும்போது இரண்டு கேள்விதான் கேட்டேன். 'அத்தை அப்ப வந்தாங்களே, எத்தனை நாள் இருந்தாங்க?'

'மூணு நாள். லீவு இல்லைன்னா.'

'லீவைப் பத்தி யாரு கேட்டாங்க?'

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். 'உங்கம்மாதான் கேட்டிருப்பா. அவ எல்லாரையும் கேப்பா' என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே, 'அவ்வளவு பெரிய பெட்டி' என்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

கட்டடத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராக எழுந்துபோய் உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். 'லிஃப்ட் ஓய்வுல இருக்காம். ஆள் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்டை யாரும் ஓய்வுல விடமாட்டாங்க சுண்டு. இடிக்கப்போறாங்க. முப்பத்தஞ்சு வருஷம் இதே வேலை பாத்துட்டு, அக்கா எழுதினது புரியலை பாரு' என்றார்.

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. திட்டுவதானால் கடிதத்தில் திட்டுங்கள், ஃபோனில் 'ம்' மட்டும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

உங்கள்
சுண்டு


ஜூன் 16

அக்கா,

நலம் கேட்கிற வரியை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

சுண்டுவின் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீட்டில் யார் வந்தாலும் முதலில் எத்தனை நாள் என்றுதான் கேட்பார்களாம். கேட்காமல் விட்டால், எப்போது கிளம்புவார்கள் என்று காத்திருப்பதாக அர்த்தமாம். உன்னை வாசலில் பார்த்ததுமே அவள், தான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் லீவு கேட்க முடிவு செய்துவிட்டாள். மேலாளர் 'எத்தனை நாள்?' என்பார். அதற்குத்தான் உன்னைக் கேட்டாள். நீ மூன்று நாள் என்றாய். இவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, சும்மா சொல்கிறாய் என்று இரண்டு வாரம் எழுதிப் போட்டாள்.

நீ போனபிறகு அந்த லீவை ரத்து செய்ய மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கென்று ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 'உங்க அக்காவுக்கு என் வீடு பிடிக்கலை' என்றாள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டில் யாரும் கேட்கமாட்டோம், கூப்பிடமாட்டோம், சொல்லமாட்டோம். இப்படித்தான் மூன்று பேரும் மரியாதையாகவே இருந்துவிட்டோம். கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில்கூட, 'அவங்க வருவாங்களா?' என்று கேட்டாள். தோணினா வருவா என்றேன். நீ வந்தாய். அப்போது அவளுக்கு ஆள் தெரியவில்லை.

இன்று காலை நுழைவாயிலுக்குப் போனேன். தங்க வருகிற யாரையும், வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். நீ அப்பா விதிப்படி கிளம்பி வந்திருந்தாலும் பெட்டியோடு உன்னைக் காவலர் திருப்பி அனுப்பியிருப்பார். கூப்பிடாமல் யாருமே வர முடியாத இடமாகப் பார்த்து ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, கூப்பிடாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் சாமர்த்தியத்தை நீயே மெச்சிக்கொள்.

'என் அக்கா வருவாங்க' என்றேன். 'சந்தோஷம் சார். எத்தனை நாள்?' என்றார் காவலர். பின்னால் கோல்ஃப் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவர் மணியடித்தார். 'அவங்களே வந்து சொல்லுவாங்க' என்று ஒதுங்கிவிட்டேன்.

அப்பா மன்னிக்கட்டும். அக்கா, வா. விருந்தாளியாகவே வா. வீட்டு ஆளாக ஆவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடம் இடிவதால் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. கட்டில் செய்தது மே மாதம். கட்டடச் சமாசாரம் தெரிந்தது ஜூனில். தேதியைச் சரிபார்த்துக்கொள்.

நீ நலமா?

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நலமில்லை. கேட்டாயே என்று சொல்கிறேன்; இத்தனை வருஷத்தில் இதற்கு முதல்தடவையாக உண்மையான பதில் எழுதுகிறேன்.

அவள் இரண்டு வாரம் லீவு எழுதிப் போட்டாள் என்பதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். இந்தக் காலிக் கட்டடத்தில் நடக்க நிறைய இடம் இருக்கிறது. அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். இருவரும் லீவில்தான் இருந்தோம். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் ஏதோ கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

இல்லத்து மேட்ரனிடம் எனக்குக் கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் அம்மாளிடம் விடைபெறப் போனேன். 'எங்க போறீங்க? டிக்கெட் இருக்கா?' என்றார். எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'திரும்பி வர டிக்கெட் எங்க?' என்றார். வேண்டியதில்லை என்றேன். அபராதம் போடாமல் விட்டுவிட்டார்.

ஜூன் 30, சாயங்கால வண்டி. பல வருஷம் தாமதமாக வருகிறது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இந்த வரியை எத்தனையோ வண்டிகளுக்காகச் சொல்லியிருக்கிறேன். எனக்காகச் சொல்ல வேண்டியிருந்தது தெரியாது.

சுண்டுவைத் திட்டாதே. நான் திட்டிக்கொள்கிறேன்.

காவலருக்கு நானே பதில் சொல்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் நீ நின்று, கதவைத் திறந்து, சிரித்து, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'எத்தனை நாள் லீவு?' என்று கேள்.

பெட்டி அதே பெரிய பெட்டிதான். இந்தத் தடவை அதைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா